பல்லைப் பிடுங்க மறுத்த பல் டாக்டர்

எங்கள் பல் டாக்டர் போன ஐப்பசியில் காலமானார். 75 வயதைத் தாண்டியிருந்தார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டு முன்பக்க அறைதான் அவருடைய கிளினிக். உடம்பு முடியாமல் போகும் வரை காலையில் நாலு பேரையாவது பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

அவர் காலமான அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த அவருடைய சொந்தக்காரர்களே திகைத்துப் போனார்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர்கள், நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயிகள், மஞ்சக்குப்பம் கோர்ட்டு குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வந்த பிள்ளைகள். தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னாலும், எல்லாக் கதையிலும் ஒரு விஷயம் இருந்தது. பிடுங்கிவிடுங்கள் என்று போனேன், பிடுங்காமல் காப்பாற்றிக் கொடுத்தார். நான்கு தலைமுறையாக அவரிடம் வாயைக் காட்டிய குடும்பம் எங்களுடையது. அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை அவரோடு போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பண்ருட்டி பக்கத்துக் கிராமத்துக்காரர். 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் எழுபதுகளில் படித்தவர். அப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவம் படிக்கச் சென்னையை விட்டால் கிட்டத்தில் வழியில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி 1980-இல்தான் வந்தது. படித்து முடித்ததும் சென்னையிலேயே இருந்திருக்கலாம். ஊருக்கு வந்தார். வந்த புதிதில் நிலைமை எப்படி இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பல் வலி என்றால் கிராம்பை வைத்து அழுத்துவார்கள். அது கேட்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. அதுவும் கேட்காவிட்டால் பிடுங்கிவிட வேண்டியது. நடுவில் வேறொரு வழி இருக்கிறது என்பதை ஒவ்வொருவரிடமாக உட்கார்ந்து பேசிப் பேசியே புரிய வைக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஆயாவே அதற்கு உதாரணம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. வலி தாங்காமல் ஒரு பாதி ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அதக்கி வைத்திருந்தார். அந்த இடம் வெள்ளை வெளேரென்று வெந்து போயிருந்தது. டாக்டர் முதலில் அதைத்தான் கண்ணாடியில் காட்டினார். மாத்திரை விழுங்குவதற்கு உள்ளது, ஈறில் வைத்தால் அது அமிலமாகச் சுடும் என்றார். நேராக ஊற்றினால் கிராம்பு எண்ணெயும் சுடும்.

"பிடுங்கிடு தம்பி, எனக்கு இன்னும் எத்தினி நாளு" என்றார் ஆயா.

"ஆயா, இந்தப் பல்லப் புடுங்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனா நாளைக்கு நீங்க முறுக்கு சாப்புடணும்னா எந்தப் பல்லால கடிப்பீங்க, அதச் சொல்லுங்க" என்று கேட்டார் அவர்.

எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆயாவுக்கே காட்டினார். படிக்கத் தெரியாத ஆயாவுக்கு எக்ஸ்ரே எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். ஆயா அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சொத்தை பல்லின் நடுவில் இருக்கும் நரம்பு அறை வரை போய்விட்டது, வேரைப் பிடித்திருக்கும் எலும்பு இன்னும் நன்றாக இருக்கிறது, அதனால் ரூட் கெனால் செய்தால் பல் நிற்கும். கெட்டுப்போன நரம்பை மெல்லிய ஊசிகளால் சுத்தமாக எடுத்துவிட்டு, வேருக்குள் இருக்கும் குழாய்களைக் கழுவி, ரப்பர் போன்ற பொருளால் அடைப்பார்கள். அதன் பிறகு கேப் போட வேண்டும். பலர் வலி போனதும் கேப் போடாமல் விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே சொத்தை அரித்த கடைவாய்ப் பல், மேலே மூடி இல்லாவிட்டால் ஒருநாள் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும். அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழியே இல்லை. ஆயாவிடம் பணத்தை மாதா மாதம் வாங்கிக்கொண்டார். அந்தப் பல் ஆயா கண் மூடும் வரை இருந்தது.

மேல் பல்லைத் தொட்டால் கண் போய்விடும் என்று இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் சீழ் வைத்த பல்லோடு மாதக்கணக்கில் இருப்பார்கள். பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது. மேல் பல்லின் சீழை அப்படியே விட்டுவைத்தால்தான் கன்னத்துக்கும் கண்ணைச் சுற்றியும் வீக்கம் ஏறும் என்று விளக்குவார். பயந்தவர்களை அவர் ஒருநாளும் திட்டியதில்லை.

வலி நின்றுபோவது பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒரு வாரம் உசுரு போற மாதிரி வலிச்சி, திடீர்னு நின்னுபோச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. பல்லு சரியாகல, உள்ள நரம்பு செத்துப்போச்சு." அதற்குப் பிறகு கிருமி சத்தமில்லாமல் வேர் நுனிக்குப் போய் எலும்பை அரிக்கும். ஆன்டிபயாடிக் வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும், அவ்வளவுதான். பல்லுக்குள் இருக்கும் காரணத்தை எடுக்காமல் மாத்திரையை மட்டும் வாங்கி வாங்கிப் போடுவதில் பயனில்லை.

பிடுங்கவே மாட்டார் என்று இல்லை. எலும்பு கரைந்து ஆடுகிற பல், வேர் வரை பிளந்த பல், பக்கத்துப் பல்லை இடித்துக்கொண்டு படுத்துக் கிடக்கும் ஞானப்பல் என்றால் தயங்காமல் எடுப்பார். எடுப்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேட்பார். வெறும் வயிற்றோடு வந்தவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பி இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார். மரத்துப்போகிற ஊசிக்குப் பலர் மயங்கி விழுவது பயமும் பட்டினியும் சேர்ந்துதான். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார், பத்து வருடம் பழகியவராக இருந்தாலும். அந்த மாத்திரையை நாமாக நிறுத்திவிட்டு வரக் கூடாது என்பதில் கறாராக இருப்பார். இதய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும். எடுத்த பிறகு பஞ்சை அரை மணிக்கு மேல் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்றைக்கு முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, பீடி சிகரெட் கூடவே கூடாது. குழியில் உறைந்த ரத்தம் கலைந்துபோனால் மூன்றாம் நாள் எலும்பு வலி எடுக்கும். உப்புத் தண்ணீர் மறுநாள்தான்.

அவர் ஊசி போடும் விதத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும். முதலில் ஈறில் மரப்பு ஜெல்லைத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார். அந்த நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வாத்தியார் என்று பேச்சுக் கொடுப்பார். அப்புறம் இடது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு கன்னத்தை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்து, லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பார். நம் கவனம் முழுக்க அந்த ஆட்டத்தில் இருக்கும்போதே ஊசி உள்ளே போயிருக்கும். மருந்தைச் சொட்டுச் சொட்டாக, மெதுவாகத்தான் இறக்குவார். வேகமாக ஏற்றினால்தான் வலிக்கும் என்பார். குழந்தையாக இருந்தால் அம்மாவைக் கூப்பிட்டு, உதடு மரத்திருக்கும் வரை எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், தெரியாமல் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் என்று எச்சரித்து அனுப்புவார். பெரியவர்களுக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம் சூடான காபி வேண்டாம். சூடு தெரியாமல் நாக்கு வெந்துவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் அவர் பெற்றோரோடு அதிகம் மல்லுக்கட்டியது பால்பல்லுக்காக. விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்று நானும் என் தங்கையும் பேசியதைக் கேட்டுவிட்டு எங்களை உட்கார வைத்தார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் பால்பல், பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாய்ப் பால்பல் சிலது பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. அதை ஐந்து வயதில் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும். எடுத்தே தீர வேண்டும் என்றால் அந்த இடத்தைக் காக்க ஒரு சின்னக் கம்பி போட்டுவிடுவார்.

இன்னொன்று பெற்றோர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுவோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும், பிரஷ் உள்ளே போகாது, சீக்கிரம் சொத்தையாகும். முளைத்ததும் கூட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பள்ளங்களை ஒரு பூச்சால் மூடிவிடலாம், ஊசியும் வேண்டாம், வலியும் இல்லை. என் மகளுக்கு அப்படித்தான் செய்தார். பாட்டிலில் சர்க்கரை போட்ட பாலோடு குழந்தையைத் தூங்க வைப்பது, ஏழெட்டு வயதுக்கு முன்பே தானாகத் தேய்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது, இரண்டும் அவருக்குப் பிடிக்காது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு போதும்.

இந்த ஊரில் அவர் பெயரை நிறைய பேர் வாயில் வைத்தது என் அக்கா மகனின் பல். மஞ்சக்குப்பம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும்போது பந்து முகத்தில் பட்டு மேல் முன்பல் ஒன்று வேரோடு தெறித்து மண்ணில் விழுந்தது. அவனுக்கு அப்போது பதினொரு வயது. சட்டையெல்லாம் ரத்தம். பல்லைக் கூரை மேல் எறியச் சொன்னார் ஒரு பெரியவர். கூட இருந்த பையன்களில் ஒருவன் அக்காவுக்குப் போன் செய்ய, அக்கா டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி, "பல்லு எங்க?" பிறகு வரிசையாகச் சொன்னார். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது. மண் இருந்தால் தண்ணீரிலோ பாலிலோ ஒருமுறை அலசினால் போதும், தேய்க்கவோ சுரண்டவோ துணியில் சுற்றவோ கூடாது. முடிந்தால் அங்கேயே குழியில் திரும்ப வைத்து, ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பயமாக இருந்தால் காய்ச்சாத பாக்கெட் பாலில் போட்டு ஓடி வர வேண்டும்.

டீக்கடையில் டம்ளரில் பால் வாங்கி, அதில் பல்லைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனார்கள். அரை மணி நேரத்துக்குள் கிளினிக்கில் இருந்தார்கள். அந்த நேரம்தான் முக்கியம் என்று பின்னால் சொன்னார். வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் உயிருள்ள செல்கள் வெளியில் காய்ந்துவிட்டால், பல்லைத் திரும்ப வைத்தாலும் எலும்பு அதைச் சரியாகப் பிடிக்காது. பல்லைக் குழியில் வைத்து, இரண்டு பக்கத்துப் பற்களோடும் மெல்லிய கம்பியால் ஒட்டி, இரண்டு வாரம் வைத்திருந்தார். டெட்டனஸ் ஊசிக்கு அனுப்பினார். கம்பியை எடுப்பதற்குள் ரூட் கெனாலும் செய்தார். அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. இந்தப் பல் இருக்கலாம், வருடங்கள் கழித்து வேர் மெல்லக் கரையவும் செய்யலாம், வருடா வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அவன் இப்போது காலேஜ் போகிறான். பல் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது, ஆனால் அவனுடைய பல்தான். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் விளையாடுகிற பிள்ளைகள் இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பால்பல் தெறித்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்குச் சேதம் வரும்.

பல்லைக் காட்டப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது நாக்கை. நாக்கை வெளியே நீட்டச் சொல்லி, ஓரத்தைத் துணியால் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். நாக்குக்கு அடியில், கன்னத்தின் உள்பக்கம், அண்ணம் எல்லாம் பார்த்த பிறகுதான் பல்லுக்கு வருவார். வெற்றிலை பாக்கு, போயிலை, பான் மசாலா போடுகிறவர்கள் அதிகம் வரும் கிளினிக் அது. மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்வார். போகவில்லை என்றால் அவர் முகம் மாறிவிடும். பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்சதை இறுகி வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே போகும். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே அதற்குப் போதும், அதுவே புற்றுநோயாகவும் மாறலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இவற்றில் எது இருந்தாலும் கையோடு கடிதம் எழுதிப் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மருக்கு அனுப்புவார். அனுப்பியதோடு விடமாட்டார், போனீர்களா என்று வீட்டுக்குப் போன் வரும். தாழங்குடாவிலிருந்து வந்த ஒரு மீனவர் வலியே இல்லையே என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் வலிக்காது என்பதுதான் இதில் ஆபத்து என்று அவருடைய மகனை வரவழைத்துப் பேசி அனுப்பி வைத்தார். ஆபரேஷன் முடிந்து அந்த மனிதர் திரும்பவும் கடலுக்குப் போனார். அன்றைக்கு வந்த கூட்டத்தில் அவரையும் பார்த்தேன், ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் வைத்ததைப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை எடுத்து வரச் சொன்னார். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டிருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல்லைக் கிளீன் செய்தால் ஆட ஆரம்பித்துவிடும் என்று அப்பா பயந்தார். பல்லைப் பிடித்திருப்பது அதன் மேல் கெட்டியாகப் படிந்திருக்கும் காரை இல்லை, எலும்பும் ஈறும்தான். காரை போனதும் அது மறைத்து வைத்திருந்த இடைவெளி தெரியும், கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், அவ்வளவுதான்.

தானே புயல் நேரத்தில் அவர் செய்ததை எங்கள் தெரு மறக்காது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புயல் எங்கள் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பொங்கல் தாண்டிவிட்டது. கரண்ட் இல்லாமல் பல் டாக்டரால் என்ன செய்ய முடியும்? நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில், கைக் கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிராம்பு எண்ணெய் கலந்த துத்தநாக மருந்தை வைத்து அடைத்து அனுப்பினார். கருவிகளைக் கேஸ் அடுப்பில் வைக்கும் பழைய குக்கர் வகை ஆட்டோகிளேவில் சுத்தம் செய்தார். 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது இருந்தால்தான் கருவி சுத்தம், வெறுமனே வெந்நீரில் போட்டு எடுத்தால் கிருமி சாகாது என்பதில் புயல் நேரத்திலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நாட்களில் யாரிடமும் காசு வாங்கவில்லை.

பல் தேய்ப்பது பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ராத்திரி தேய்க்காமல் படுக்காதே, செங்கல் தூள், கரி, உப்பு எதையும் போட்டு அழுத்தித் தேய்க்காதே, நுரையைத் துப்பு, ஆனால் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்துப் பேஸ்டில் இருக்கும் ஃப்ளோரைடை எல்லாம் வெளியேற்றிவிடாதே. இனிப்பை எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட நாளைக்கு எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் சொத்தையைத் தீர்மானிக்கும் என்பதால், மிட்டாயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடச் சொல்வார். நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கும் கடைக்காரர்களிடம் மட்டும் இதை இரண்டு முறை சொல்வார்.

இப்போது எங்களுக்குப் புது டாக்டர் தேட வேண்டியிருக்கிறது. அவர் பழக்கிவிட்ட கண்ணோடுதான் தேடுகிறோம். கருவி பையை நம் எதிரில் பிரிக்கிறார்களா, எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குகிறார்களா, பிடுங்குவது, காப்பாற்றுவது இரண்டுக்கும் எவ்வளவு செலவு, எவ்வளவு நாள் தாங்கும் என்று முதலிலேயே சொல்கிறார்களா, நாக்கையும் கன்னத்தையும் பார்க்கிறார்களா. ஒரே நாளில் ஐந்தாறு பல்லுக்கு வேலை இருக்கிறது என்றால் வீட்டுக்கு வந்து யோசிக்கிறோம், இன்னொருவரிடமும் காட்டுகிறோம். இளம் டாக்டர்களில் நல்லவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்த ஒரு பெண் டாக்டர், என் மகளின் வாயைப் பார்த்துவிட்டு, இந்தப் பூச்சை யார் போட்டது, நன்றாகப் போட்டிருக்கிறார்களே என்று கேட்டார். சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் ஒரு கார்டு வைத்திருந்தார். எந்தப் பல்லில் என்ன செய்தோம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எப்போது எக்ஸ்ரே எடுத்தோம் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். கிளினிக்கில் அவரோடு பல வருடம் வேலை பார்த்த உதவியாளர் அக்கா அவற்றை அகர வரிசையில் அடுக்கி, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். புது டாக்டருக்கு அந்தக் கார்டும் பழைய எக்ஸ்ரேயும் ரொம்ப உதவும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். அவரிடம் வைத்தியம் பார்த்தவர்கள் இன்னும் வாங்காமல் இருந்தால் காலை நேரத்தில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூருக்குக் குடிபோனவர்களின் கார்டுகள்தான் இன்னும் நிறைய மீதம் இருக்கின்றன என்று அந்த அக்கா சொன்னார்.